முடிவைச் சொல்லாமல் வைத்தவர்: வீணை எஸ். பாலசந்தரும் 'அந்த நாள்' படமும்

1997ஆம் ஆண்டின் மாரிகாலம். கிளிநொச்சியை விட்டு வந்த சனமும், அதற்கு முதல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த சனமும் மல்லாவியைச் சுற்றிக் கொட்டில் போட்டிருந்த நேரம். அயலில் ஒரு சாமத்திய வீடு. வாடகைக்கு எடுத்த ரிவி, டெக், ஜெனரேற்றர் எல்லாம் விடியும் வரை கையில் இருந்ததால், மூன்று படம் ஓடுவதாக ஏற்பாடு. இரண்டு புதுப் படம். மூன்றாவது, வயதானவர்கள் கேட்டதற்காகப் போட்ட ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்: 'அந்த நாள்'.

படம் முடியக் கால் மணித்தியாலம் இருக்கும்போது ஜெனரேற்றர் இருமி இருமி நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. பொருளாதாரத் தடைக்காலத்தில் அந்த நேரத்தில் இன்னொரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? இருட்டுக்குள் எல்லோரும் ஒரே கேள்வியோடு இருந்தோம். கொலை செய்தது யார்?

யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே படத்தைப் பார்த்த ஒரு அக்கா எங்களுக்குள் இருந்தார். சொல்லு சொல்லு என்று எல்லோரும் நச்சரித்தார்கள். அவர் உடனே சொல்லவில்லை. கேட்க விரும்பாதவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று முதலில் விசாரித்தார். ஒரே ஒரு பெரியவர் எழும்பினார். தான் பிறகொரு நாளைக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலுக்குள் இறங்கிப் படலையடிக்குப் போனார். அவர் கேட்காத தூரத்துக்குப் போன பிறகுதான் அக்கா முடிவைச் சொன்னார். பத்து வயதுப் பொடியனான நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

ஒரு படத்தின் முடிவை இன்னொருவருக்குச் சொல்லலாமா, கூடாதா என்று இணையத்தில் சண்டை நடக்கும்போதெல்லாம் அந்த இரவுதான் ஞாபகத்துக்கு வருகிறது. கூடவே அந்தப் படத்தை எடுத்த மனிதரும். தமிழ்ச் சினிமாவில் முடிவை மறைத்து வைப்பதற்காகவே ஒரு முழுப் படத்தைக் கட்டி, அதற்காகக் கையைச் சுட்டுக்கொண்டவர் எஸ். பாலசந்தர். உலகம் அவரை வீணை பாலசந்தர் என்றுதான் அறியும்.

ஊரறிந்த கதையில் தொடங்கிய பிள்ளை

சுந்தரம் பாலசந்தர் 1927 ஜனவரி 18 அன்று சென்னையில் பிறந்தார். தகப்பனார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர், சங்கீதப் பைத்தியம். மயிலாப்பூரில் இருந்த அவர்களது வீட்டுக்குப் பாபநாசம் சிவன் போன்றவர்கள் வந்து போனார்கள். பிள்ளைகள் பாட்டுக்குள்ளேயே வளர்ந்தார்கள். மூத்தவர் எஸ். ராஜம் பின்னாளில் பாடகராகவும், கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளின் உருவங்களை வரைந்த ஓவியராகவும் பெயர் பெற்றார். சகோதரி எஸ். ஜெயலட்சுமி திரைப்பட நடிகையானார்.

1934இல் பிரபாத் நிறுவனம் 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தபோது இந்தக் குடும்பமே படத்துக்குள் போனது. ராஜம்தான் ராமர். ஜெயலட்சுமி சீதை. தகப்பனார் ஜனகர். பாபநாசம் சிவன் திரைக்கு இசையமைத்த முதல் படமும் அதுதான். ஏழு வயதுகூடச் சரியாக நிரம்பாத பாலசந்தர், இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் திரையில் தோன்றினார். அண்ணன் ராமராகவும் தங்கை சீதையாகவும் நடித்தது அந்தக் காலத்தில் சிலருக்கு உறுத்தலாகவே இருந்தது.

அன்றைய தமிழ்ச் சினிமாவில் ரகசியம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ராமர் வில்லை முறிப்பார், வள்ளியை முருகன் கைப்பிடிப்பார், கோவலன் வெட்டுப்படுவான் என்பதெல்லாம் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையை யார் எப்படிப் பாடுகிறார்கள், எப்படி அழுகிறார்கள் என்று பார்க்கத்தான் சனம் போனது.

வன்னியில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்களில் ஒருவருக்காவது முடிவு தெரியாமல் இருந்திருக்குமா? சிலம்போடு போனவன் திரும்பி வரமாட்டான் என்று தெரிந்துதான் பாய் விரித்து இருந்தார்கள். பண்டாரவன்னியன் நாடகமும் அப்படித்தான். 1803 ஒக்டோபர் 31 அன்று அவன் தோற்ற செய்தியை வெள்ளைக்காரன் கற்சிலைமடுவில் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டான். அதற்குப் பிறகும் மேடையில் அவன் வாளை உருவும்போது கைதட்டாத ஆள் இல்லை.

பாலசந்தர் தொடங்கியது இந்த மரபுக்குள்தான். அதை மீறியதுதான் அவரது திரை வாழ்க்கை.

கையில் எடுத்ததெல்லாம் வாத்தியம்

கஞ்சிராவில் தொடங்கிய கை அங்கேயே நிற்கவில்லை. தபேலா, மிருதங்கம், ஆர்மோனியம், சித்தார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துப் பழகினார். சதுரங்கத்திலும் கெட்டிக்காரராக இருந்தார். பதின்ம வயதிலேயே வானொலியில் வாத்தியக் கலைஞராக வேலை செய்தார். கடைசியில் வீணையைத் தொட்டபோது, இதற்கு மேல் வேறொன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். எந்தக் குருவிடமும் முறையாக வீணை பயிலவில்லை. தானாகவே தேடித் தேடி ஒரு வாசிப்பு முறையை உருவாக்கிக்கொண்டார். ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துக் குரல்போல் பேச வைக்கும் அந்த வாசிப்பை முதல் தரம் கேட்பவர்களுக்கு, இது வீணைதானா என்று சந்தேகம் வரும்.

சினிமாவும் விடவில்லை. 1948இல் வந்த 'இது நிஜமா?' படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' படத்தை இயக்கினார். அப்போது வயது 21. 1951இல் 'கைதி'. 1954இல் ஏவிஎம் தயாரித்த 'பெண்' படத்தில் வைஜெயந்திமாலாவுடன் நடித்தார். நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் என்று மூன்று தொப்பிகளையும் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்த இளைஞனுக்கு, 1952இல் ஒரு படம் வேறு கதவைத் திறந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னைக்கும் வந்தது. அதில் காட்டப்பட்ட படங்களில் ஒன்று ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்'. ஒரு சாவு, அதைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். இந்த அமைப்பு பாலசந்தரைப் பிடித்து ஆட்டியது. அதே உத்தியில் ஒரு கதை எழுதினார். முதலில் அதை வானொலி நாடகமாக்கப் பார்த்தார், வானொலி ஏற்கவில்லை. கடைசியில் ஏவிஎம் அதிபர் ஏ.வி. மெய்யப்பனிடம் போனார்.

அவர் வைத்த நிபந்தனைதான் வியப்பானது. படத்தில் பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டையும் இல்லை. ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பாட்டு சாதாரணமாக இருந்த காலத்தில், அதுவும் ஒரு சங்கீதக்காரர் இப்படிக் கேட்டார். காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். துப்பறியும் கதையில் பார்ப்பவரின் மூளை ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகிறது. நடுவில் ஒரு பாட்டு வந்தால் நூல் அறுந்துவிடும். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் பேசும்படம் இப்படித்தான் பிறந்தது.

முதல் காட்சியிலேயே செத்த கதாநாயகன்

கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். 1943 ஒக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்டது நிஜமாக நடந்தது. அதற்கு அடுத்த காலைப்பொழுதில், ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளர் தன் வீட்டில் சுடப்பட்டுச் சாகிறார். துப்பறியும் அதிகாரி வருகிறார். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அயல்வீட்டுக்காரர், இன்னொரு பெண் என்று ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் சொல்லும்போது ராஜன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார்.

திரைக்கதையையும் உரையாடலையும் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவர்தான். மனைவியாக பண்டரிபாய். ஒளிப்பதிவு எஸ். மாருதிராவ். நிழலையும் வெளிச்சத்தையும் அவர் கையாண்ட விதத்தை இன்றும் ஒளிப்பதிவு படிப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ராஜன் வேடத்துக்கு முதலில் வேறொரு நடிகரை வைத்துக் கொஞ்சம் எடுத்தார்கள். மெய்யப்பனுக்குத் திருப்தி வரவில்லை. பிறகு வந்தவர்தான் சிவாஜி கணேசன்.

'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1954 மார்ச்சில் 'மனோகரா'வில் சிங்கம்போல முழங்கிய சிவாஜி, அடுத்த மாதம் 'அந்த நாள்' தொடங்கிச் சில நிமிடத்துக்குள் செத்து விழுகிறார்.

பாலசந்தர் செய்த துணிச்சல் இதுதான். கதையின் பெரிய செய்தியான கதாநாயகனின் சாவை அவரே முதலில் போட்டு உடைத்துவிட்டார். ஆனால் ஏன், யாரால் என்ற இரண்டையும் கடைசிச் சில நிமிடம் வரை கைக்குள் பொத்தி வைத்திருந்தார். படத்தின் முழுப் பாரமும் அந்தக் கைக்குள் இருந்த சின்னப் பொருளில்தான் நின்றது.

படம் 1954 ஏப்ரல் 13 அன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் வெளியானது. பத்திரிகைகள் பாராட்டின. தியேட்டரில் கதை வேறு. வருடப்பிறப்புக்குக் குடும்பத்தோடு வந்த சனம் பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தது. வரவே இல்லை என்று தெரிந்ததும் கோபப்பட்டது. சில இடங்களில் கதிரைகளை உடைத்தார்கள் என்றும், படத்தை எடுத்துவிடலாம் என்று தியேட்டர்காரர்கள் கேட்டபோது மெய்யப்பன் மறுத்தார் என்றும் திரைவரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. வசூல் கிடைக்கவில்லை.

தெரிந்த முடிவை நோக்கி ஆடிப்பாடிப் போகப் பழகிய ஒரு சமூகத்தின் முன்னால், 27 வயது இளைஞன் ஒருவன் தெரியாத முடிவைக் கொண்டுபோய் வைத்தான். அதை எப்படிப் பார்ப்பது என்பதைச் சனம் பழகிக்கொள்ள வருடங்கள் எடுத்தன. இன்று தமிழின் மிகச் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் 'அந்த நாள்' அதில் இருக்கிறது.

ரகசியம் காக்கச் சொன்ன வேறு இருவர்

முடிவைச் சொல்லாதீர்கள் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் மேற்கில் அதே காலத்தில்தான் வலுப்பெற்றது. அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகம் லண்டனில் 1952 நவம்பர் 25 அன்று தொடங்கியது. கொரோனாவால் ஏற்பட்ட இடைவெளி தவிர இன்றுவரை ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் நாடகம் முடிந்ததும், கொலையாளி யார் என்பதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று நடிகர் ஒருவர் சபையோரைக் கேட்டுக்கொள்வார். 2010இல் விக்கிபீடியா அந்த முடிவை வெளிப்படையாகப் போட்டிருப்பதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. கிறிஸ்டியின் பேரன் வருத்தப்பட்டார். தகவல் களஞ்சியத்தின் வேலை தகவலைத் தருவதுதான் என்று விக்கிபீடியா பக்கம் நின்றவர்கள் வாதிட்டார்கள்.

அல்பிரட் ஹிட்ச்கொக் 1960இல் 'சைக்கோ' எடுத்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார். படத்துக்கு மூலமான நாவலின் பிரதிகளைக் கிடைத்த அளவுக்கு வாங்கி ஒதுக்கினார். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே படம் காட்டவில்லை. படம் தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கட்டளை போட்டார். சனம் வரிசையில் நின்று பார்த்தது.

ஹிட்ச்கொக்குக்கு விளம்பரப் பணமும், துப்பறியும் கதை படித்துப் பழகிய இரசிகர்களும் இருந்தார்கள். ஆறு வருடம் முன்னால் சென்னையில் நின்ற பாலசந்தருக்கு அந்த இரண்டும் இருக்கவில்லை.

சொல்லியும் பார்த்தார், சொல்லாமலும் பார்த்தார்

அடிபட்டவர் ஒதுங்கவில்லை. 'அவன் அமரன்' 1958இல் வந்தது. பிறகு சொந்தத் தயாரிப்பில் இறங்கினார். 1962இல் 'அவனா இவன்', 1964இல் 'பொம்மை'.

'பொம்மை' படத்தில் அவர் உத்தியைத் தலைகீழாக மாற்றினார். ஒரு நடக்கும் பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கிறது. அது பார்ப்பவருக்குத் தெரியும். பொம்மையைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. பொம்மை கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றுகிறது. இங்கே ரகசியமே இல்லை. தெரிந்திருப்பதுதான் பதைப்பு. வெடிகுண்டு எங்கே கிடக்கும் என்று முன்கூட்டியே தெரியாமல் மிதித்த பிள்ளைகளின் ஊரில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்தால் வயிறு வேறு மாதிரிக் கலங்கும். கே.ஜே. ஜேசுதாசின் குரலைத் தமிழ்த் திரை முதலில் கேட்ட படங்களில் இதுவும் ஒன்று. படம் முடிந்ததும் பாலசந்தரே திரையில் தோன்றி, வேலை செய்த கலைஞர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். எழுத்தோட்டத்தைக்கூடக் கடைசிக்கு வைத்தவர் அவர்.

அடுத்தது 'நடு இரவில்'. தீவொன்றில் உள்ள மாளிகைக்கு உறவினர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல் ஒன்றின் சாயல் அதில் உண்டு. கதை, இயக்கம், இசை, தயாரிப்பு, ஒரு முக்கிய வேடம் எல்லாம் அவரே. அறுபதுகளின் நடுப்பகுதியில் எடுத்த படத்தை வாங்க ஆளில்லாமல் பல வருடம் கிடப்பில் கிடந்தது. 1970இல்தான் வெளிவந்தது. அதோடு அவர் சினிமாவை விட்டார்.

வீணை அவரை முழுதாக எடுத்துக்கொண்டது. உலகமெங்கும் வாசித்தார். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். 1982இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. வாயும் சும்மா இருக்கவில்லை. சுவாதித் திருநாளின் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் நிஜமாக அவர் இயற்றியவைதானா என்று எண்பதுகளில் பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற பெரிய வித்துவான்களோடு பகிரங்கமாக மோதினார். புதிய ராகங்களைக் கண்டுபிடித்தேன் என்று பாலமுரளிகிருஷ்ணா சொன்னதையும் கேள்வி கேட்டார். கோடு, பத்திரிகை, கடிதம் என்று விடாமல் வாதாடினார். நண்பர்களை இழந்தார். திரையில் ஐந்து பேரின் சாட்சியத்தை அருகருகே வைத்து ஆராய்ந்தவர், வாழ்க்கையிலும் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பத் தயாராக இருக்கவில்லை.

இரண்டு கலையிலும் நின்ற இந்த மனிதரின் வாழ்க்கையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கச்சேரியில் ஒரு கீர்த்தனையை நூறாவது தடவை கேட்டாலும் அது தேய்வதில்லை. அடுத்த அடி தெரிந்திருப்பதே இன்பம். அங்கேகூட, ஆலாபனை தொடங்கிய உடனே பக்கத்துக் கதிரைக்காரர் ராகத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் எரிச்சல் வரும். நாமாகக் கண்டுபிடிக்கும் அந்த அரை நிமிடத்தை அவர் பறித்துவிடுகிறார். துப்பறியும் கதையிலோ அந்த அரை நிமிடம்தான் முழுக் கதையும். இரண்டாம் தரம் எத்தனை முறையும் பார்க்கலாம். முதல் தரம் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.

பாலசந்தர் 1990 ஏப்ரல் 13 அன்று, கச்சேரிக்காகப் போயிருந்த பிலாய் நகரில் காலமானார். வயது 63. 'அந்த நாள்' வெளியாகி அன்றோடு சரியாக 36 வருடம்.

கொடையா, திருட்டா?

இப்போது வன்னிக்குத் திரும்புவோம்.

அவர் இறந்த அதே 1990இல் இங்கே மின்சாரம் போனது. பிறகு இருபது வருடத்துக்குக் கிட்ட வன்னியின் பெரும்பகுதி இருட்டில் இருந்தது. மிதிவண்டி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. படம் பார்ப்பது வருடத்தில் சில நாள் வாய்க்கும் கொண்டாட்டம். அதனால் பார்த்து வந்தவர் பார்க்காதவருக்குக் கதை சொன்னார். பாட்டு வந்த இடத்தில் பாட்டையும் பாடி, சண்டை வந்த இடத்தில் கையைக் காலை ஆட்டி, முடிவு வரை சொல்வார். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. கேட்பவருக்கு அந்தப் படம் வேறு வழியில் கிடைக்கப் போவதில்லை. இல்லாதவருக்குப் பங்கு கொடுப்பதுபோலத்தான் அது.

இன்று நிலைமை மறுபுறம். படம் வெளியான அன்று காலை முதல் காட்சியைப் பார்த்தவர், இடைவேளைக்குள் வட்ஸ்அப் குழுவில் யார் சாகிறார், யார் துரோகி என்று போட்டுவிடுகிறார். கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்துக் கடைசிக் காட்சியைப் படமெடுத்து முகநூலில் ஏற்றுகிறார். 2021 ஜனவரியில் 'மாஸ்டர்' வெளியாக முதலே அதன் காட்சிகள் கசிந்தபோது, அவற்றைப் பகிர வேண்டாம் என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் இரசிகர்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. வயலால் வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, சனிக்கிழமை இரவு ஆறுதலாகப் பார்க்கலாம் என்று ஒரு தொடரைச் சேர்த்து வைத்திருக்கும் பெண்ணிடமிருந்து அந்தச் சனிக்கிழமையை ஒரே வரியில் பறித்துவிடலாம். பறித்தவருக்கு அதில் ஒரு சதமும் இலாபம் இல்லை. முதலில் பார்த்தவன் நான் என்ற பெருமை மட்டும்தான்.

முடிவு தெரிந்தால் படம் கெட்டுப்போகாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவு தெரிந்து படித்தவர்கள் கதைகளைக் கூடுதலாக இரசித்ததாகக் கண்டார்கள். சில வருடத்தில் வந்த இன்னொரு ஆய்வு, தெரியாமல் படித்தவர்களுக்கே பதைப்பும் மகிழ்ச்சியும் கூட என்றது. அமைதியில்லாமல் தவிப்பதைவிட, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்துவிட்டு வாசிக்கும் ஆட்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். போரைக் கண்டவர்களில் பலருக்குப் படத்தில் பிள்ளை சாகுமா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் இருந்து பார்க்கலாம். அல்லது எழும்பிப் போகலாம். அவர்களுக்கு முடிவைச் சொல்வது உதவி.

அப்படியானால் சட்டம் என்ன? எத்தனை நாளைக்குப் பிறகு சொல்லலாம்? ஒரு வாரமா, ஒரு மாதமா? இணையத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். 'அந்த நாள்' வந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது. ஆனால் இன்றைக்கு முதல் தரம் பார்க்கப் போகும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது இன்றைக்கு வந்த படம்தான். நாட்கணக்கு அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

மல்லாவியில் அந்த அக்கா எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. அவருக்கு ஸ்பொய்லர் என்ற சொல் தெரியாது. கேட்க விரும்பாதவர் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டார். எழும்பிப் போனவர் படலையடியைத் தாண்டும் வரை பொறுத்தார். பிறகு, கேட்க ஆசைப்பட்டவர்களுக்கு ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சொன்னார். இருட்டில் இருந்த இருபது பேருக்கு அது கொடை. எழும்பிப் போன ஒருவருக்கு அவர் காத்த மௌனமும் கொடைதான். பதிவுக்கு மேலே எச்சரிக்கை போடுவதும், பெயரைச் சொல்லாமல் பேசுவதும், பார்த்தாயா என்று முதலில் விசாரிப்பதும் இந்த ஒரு வார்த்தையின் இன்றைய வடிவங்கள். இதற்கு மேல் பெரிய சட்டம் ஒன்றும் தேவையில்லை.

நான் 'அந்த நாள்' படத்தை முழுதாகப் பார்த்தது போர் முடிந்து, மின்சாரம் வந்து, கையில் ஒரு கைபேசியும் வந்த பிறகுதான். கொலையாளியை எனக்குப் பத்து வயதிலேயே தெரியும் என்பதால், ஒவ்வொருவரும் சாட்சி சொல்லும்போது அவர்களின் கண்களையும் மாருதிராவின் நிழல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படம், தெரிந்து பார்த்தாலும் நல்ல படம்தான். ஆனால் கடைசிக் கால் மணித்தியாலம் வந்ததும் என்னால் திரையை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலுக்குள் போன அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். பிறகொரு நாளைக்குப் பார்க்கலாம் என்று நம்பியவர். 2009இல் வன்னிக் கிழக்குக்குப் போய்த் திரும்பி வராதவர்களில் அவரும் ஒருவர்.

இந்தக் கட்டுரை முழுவதிலும் கொலை செய்தவரின் பெயர் இல்லை. வாசித்து முடித்த பிறகு யாராவது ஒருவர் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கக்கூடும். அது பாலசந்தர் பொத்தி வைத்த பொருள். கையைத் திறக்க வேண்டியவர் அவரே.